சோயாவும் எள்ளும் உடலுக்குள் செய்வதென்ன?

கடந்த சில தசாப்தங்களில் எமது நாட்டு அடுக்களைகளில் நிலையான இடத்தைப் பிடித்துக்கொண்ட உணவுப் பொருட்களுள் சோயாமீற் முக்கியமானது. இறைச்சியும் மீனும் கைக்கெட்டாத விலைக்கு ஏறும் போதெல்லாம் சாதாரண குடும்பங்களுக்குக் கைகொடுத்து வருவது அதுவே. ஆயினும், அந்தச் சோயாவைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரு கூற்றுகள் மக்களிடையே நிலவி வருவதை நாம் காண்கிறோம்.

"ஆண் பிள்ளைகளுக்குச் சோயா கொடுக்க வேண்டாம், பெண் தன்மை வந்துவிடும்" என்பது ஒன்று. "மாதவிடாய் நிற்கும் வயதிலுள்ள பெண்களுக்குச் சோயா இயற்கை தந்த ஓமோன்; பக்க விளைவுகளே இல்லை" என்பது மற்றையது. முதலாவது கூற்றை நம்பி மலிவான, தரமான புரதத்தைப் பிள்ளைகளின் தட்டிலிருந்து விலக்கும் பெற்றோர் உள்ளனர். இரண்டாவது கூற்றை நம்பி, வைத்தியரை நாடாமல், விலை கூடிய வில்லைகளைத் தாமாகவே வாங்கி விழுங்கும் பெண்களும் உள்ளனர். ஒரே பொருள் ஒருவருக்கு நஞ்சாகவும் இன்னொருவருக்கு அமிர்தமாகவும் சித்திரிக்கப்படுவதற்குக் காரணம், அதிலுள்ள தாவர ஈஸ்ரோஜன் எனப்படும் பதார்த்தமாகும். அது உடலினுள் எவ்வாறு சேர்கிறது, அங்கு என்ன செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் இவ்விரு கூற்றுகளினதும் உண்மைப் பெறுமதியை நாமே எடைபோட்டுவிடலாம்.

ஆட்டு மந்தையில் தொடங்கிய கதை

ஈஸ்ரோஜன் என்பது பெண்ணின் சூலகத்தில் பிரதானமாகச் சுரக்கும் ஓமோன். பூப்பு, மாதவிடாய்ச் சக்கரம், கருத்தரிப்பு என்பவற்றோடு எலும்பின் உறுதி, இரத்தக் குழாய்களின் நலம் ஆகியவற்றிலும் அதற்குப் பங்குண்டு. ஆண்களின் உடலிலும் அது சிறிதளவில் உள்ளது. இந்த ஓமோனை ஒத்த வடிவமுடைய சில பதார்த்தங்கள் தாவரங்களிலும் காணப்படுகின்றன. அவற்றையே தாவர ஈஸ்ரோஜன் என்கிறோம்.

இப்பதார்த்தங்கள் விலங்குகளின் உடலைப் பாதிக்கக்கூடியவை என்பதை உலகுக்கு முதன்முதலில் அழுத்தமாக உணர்த்தியவை செம்மறி ஆடுகளே. 1940 களில் மேற்கு அவுஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் பெண் ஆடுகள் சினைப்படாமற் போயின. சினைப்பட்டவையும் குட்டி ஈனச் சிரமப்பட்டன. விதை நீக்கப்பட்ட ஆண் ஆடுகளிற் சிலவற்றுக்கு மடியில் பால் சுரந்தது. அந்நிலங்களில் விதைக்கப்பட்டிருந்த குளோவர் எனும் தீவனப் பயிரே இதற்குக் காரணம் என்பது 1946 இல் வெளியான ஆய்வொன்றின் மூலம் தெரியவந்தது. அப்பயிரிலுள்ள ஒரு பதார்த்தம் ஆட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களால் ஈகுவோல் எனும் வீரியம் கூடிய ஈஸ்ரோஜனாக மாற்றப்படுகின்றமை பின்னர் கண்டறியப்பட்டது.

இச்சம்பவத்தில் இரு பாடங்கள் உள்ளன. தாவர ஈஸ்ரோஜன் வெறும் கற்பனையல்ல என்பது முதற்பாடம். அந்த ஆடுகள் நாள் முழுவதும் அந்த ஒரே பயிரையே, வேறெதுவுமின்றித் தின்றன என்பது இரண்டாவது பாடம். அளவு என்பதே இங்கு பிரதானமானது. இவ்விரண்டாவது பாடத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

தாவரங்கள் இவற்றை மனிதருக்காகவோ ஆடுகளுக்காகவோ உருவாக்குவதில்லை. சோயாச் செடி தனது வேரில் நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாக்களுக்குச் சைகை காட்டவும், பங்கசுத் தாக்கத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் இவற்றைச் சுரக்கின்றது. அவற்றின் மூலக்கூறு வடிவம் எமது ஓமோனை ஒத்திருப்பது தற்செயலே.

தாவர ஈஸ்ரோஜன்களில் உணவு சார்ந்து முக்கியமானவை இரு வகையின. முதலாவது ஐசோபிளேவோன்கள். ஜெனிஸ்ரீன், டெய்ட்ஸீன் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. சோயா அவரையே இவற்றின் பிரதான இருப்பிடம். இரண்டாவது லிக்னன்கள். ஆளி விதையிலும் எள்ளிலும் இவை செறிந்துள்ளன. தவிடு நீக்காத தானியங்களிலும் ஓரளவு உண்டு.

குடலில் நடக்கும் வேலை

சோயாவை நாம் உண்டவுடன் அதிலுள்ள ஐசோபிளேவோன் நேரடியாக இரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. அவரையில் அது பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூற்றோடு பிணைந்தே காணப்படுகின்றது. அப்பிணைப்போடு அதனால் குடற்சுவரைக் கடக்க முடியாது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நொதியங்களும் குடலில் வாழும் பற்றீரியாக்களும் சேர்ந்து அச்சர்க்கரையைக் கழற்றிய பின்னரே அது உறிஞ்சப்படுகின்றது. ஜப்பானியரின் மீசோ போன்ற, புளிக்கவைத்த சோயா உணவுகளில் இவ்வேலையின் ஒரு பகுதியைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களே முன்கூட்டிச் செய்துவிடுகின்றன.

உறிஞ்சப்பட்ட ஐசோபிளேவோனை உடல் தாராளமாக உலாவ விடுவதுமில்லை. குடற்சுவரும் ஈரலும் அதனோடு வேறு மூலக்கூறுகளைப் பிணைத்து அதன் வீரியத்தை அடக்கிவிடுகின்றன. இரத்தத்தில் சுற்றிவருவதில் மிகப் பெரும் பகுதி இவ்வாறு அடக்கப்பட்ட வடிவமே. கட்டின்றித் திரிவது மிகச் சிறு பங்கு. ஒரு பகுதி பித்தநீரோடு மீண்டும் குடலுக்கு வந்து, அங்கு பற்றீரியாக்களால் விடுவிக்கப்பட்டு, மறுபடியும் உறிஞ்சப்படுகின்றது. எஞ்சியது சிறுநீரோடு வெளியேறுகின்றது. சோயா உண்ட சில மணித்தியாலங்களில் இரத்தத்தில் உச்ச அளவை அடையும் இப்பதார்த்தம், ஓரிரு நாட்களுக்குள் ஏறத்தாழ முற்றாக அகன்றுவிடும். அது உடலில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பதில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இப்பயணத்தில் வியப்புக்குரிய பகுதி பெருங்குடலில் நிகழ்கின்றது. டெய்ட்ஸீனைச் சில வகைப் பற்றீரியாக்கள் ஈகுவோலாக மாற்றுகின்றன. அவுஸ்திரேலிய ஆடுகளில் கண்ட அதே ஈகுவோல்தான். ஆனால், ஆடுகளைப் போலன்றி மனிதர் எல்லோரது குடலிலும் அப்பற்றீரியாக்கள் இருப்பதில்லை. மேலை நாட்டவரில் ஏறத்தாழ 25 முதல் 30 வீதமானோரே ஈகுவோலை உருவாக்க வல்லவர்கள். ஜப்பான், கொரியா, சீனா போன்ற நாடுகளில் இது 50 முதல் 60 வீதம் வரை காணப்படுகின்றது. ஒரே பாத்திரத்துக் கறியை உண்ணும் இருவரில் ஒருவருக்குக் கிட்டும் பலன் மற்றவருக்குக் கிட்டாமற் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

எள்ளிலும் ஆளி விதையிலும் உள்ள லிக்னன்களின் கதையும் இத்தகையதே. பெருங்குடற் பற்றீரியாக்கள் அவற்றை என்ரரோலக்ரோன் எனும் பதார்த்தமாக மாற்றிய பின்னரே அவற்றுக்கு ஈஸ்ரோஜன் தன்மை வாய்க்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொண்டவர்களின் இரத்தத்தில் என்ரரோலக்ரோன் அளவு குறைந்து காணப்பட்டதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002 இல் எடுத்துக்காட்டினர். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நலிந்தால், உண்ட எள்ளின் பலனும் நலியும் என்பதே இதன் பொருள்.

பூட்டும் திறப்பும்

ஓமோன் ஒரு திறப்பு என்றால், கலங்களில் உள்ள வாங்கி அதற்குரிய பூட்டாகும். ஈஸ்ரோஜனுக்கு ஒரேயொரு வகைப் பூட்டே உண்டென நீண்டகாலம் நம்பப்பட்டு வந்தது. 1996 இல் சுவீடன் ஆய்வாளர்கள் இரண்டாவது வகை ஒன்றைக் கண்டுபிடித்தனர். முதலாவது அல்பா எனவும் புதியது பீற்றா எனவும் அழைக்கப்படுகின்றன. மார்பகத்திலும் கருப்பையிலும் கலப் பெருக்கத்தைத் தூண்டுவது பெரும்பாலும் அல்பா வகையே. பீற்றா வகை எலும்பு, இரத்தக் குழாய், மூளை ஆகிய இடங்களிலும் காணப்படுவதோடு, பல சந்தர்ப்பங்களில் அல்பாவின் தூண்டுதலைக் கட்டுப்படுத்தவும் செய்கின்றது.

சோயாவின் ஜெனிஸ்ரீன் பீற்றா வகையையே பெரிதும் நாடுகின்றது. அத்தோடு, உடலின் சொந்த ஈஸ்ரோஜனோடு ஒப்பிடும்போது அதன் வீரியம் நூறில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழாகவே மதிப்பிடப்படுகின்றது. ஆகவே, இது பூட்டினுள் நுழைந்தாலும் கதவை முழுமையாகத் திறக்காத திறப்பு எனலாம். இளம் பெண்ணின் உடலில், வீரியம் மிக்க சொந்த ஓமோனின் இடத்தை இது ஓரளவு பிடித்துக்கொண்டு அதன் வேகத்தைத் தணிக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில், வெறுமையாகக் கிடக்கும் பூட்டுகளில் புகுந்து சிறிதளவு ஈஸ்ரோஜன் வேலையைச் செய்யக்கூடும். எனவே, சோயாவை ஈஸ்ரோஜன் மாத்திரைக்குச் சமமாக்கிப் பேசுவது தவறாகும். பயமுறுத்துவோரும் விளம்பரப்படுத்துவோரும் ஒருங்கே செய்யும் தவறும் அதுவே.

கிட்டும் நன்மைகள் எவை?

எமது சமூகத்தில் ஒரு பெண்ணின் பூப்பு ஊரைக் கூட்டிக் கொண்டாடப்படுகின்றது. அதே பெண்ணின் மாதவிடாய் நின்றுபோவதோ வீட்டுக்குள்ளேயே பேசப்படுவதில்லை. ஐம்பதை அண்மித்த வயதில் திடீரென முகமும் கழுத்தும் கனன்று வியர்ப்பதும், இரவில் உறக்கம் கலைவதும், காரணமின்றி மனம் சோர்வதும் எரிச்சலுறுவதும் பல பெண்கள் மௌனமாகச் சுமக்கும் துன்பங்கள். வீட்டார் அதனைக் குணக்கேடு என்று எண்ணிவிடுவதும் உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஓமோன் மாற்றுச் சிகிச்சை பற்றிய பாரிய ஆய்வொன்றின் பிரதான பகுதி, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் முதலியவற்றின் அபாயம் கூடியமை காரணமாக இடைநடுவில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் தாவர ஈஸ்ரோஜனை நாடத் தொடங்கியதற்கு அது ஒரு பெருங் காரணம். தொடங்கும் வயதையும் காலத்தையும் பொறுத்து அந்த அபாயம் வேறுபடும் என்பது பிற்காலத்தில் தெளிவானது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

சோயா ஐசோபிளேவோன் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2012 இல் வெளியான மதிப்பீடொன்று, உடற் கனல்வு ஏற்படும் தடவைகள் ஏறத்தாழ 20 வீதமும் அதன் கடுமை ஏறத்தாழ 26 வீதமும், வெறும் மாத்திரை உட்கொண்டோரைவிடக் குறைந்ததாகக் கூறுகின்றது. 2013 இன் கொக்ரேன் மதிப்பீடோ உறுதியான முடிவுக்குப் போதிய சான்று இல்லை எனவும், ஜெனிஸ்ரீன் செறிந்த சாறுகள் மட்டும் பலன் காட்டுவதாகவும் கருதியது. ஓமோன் மாற்றுச் சிகிச்சை இதே தொல்லையை ஏறத்தாழ 75 வீதம் குறைக்கின்றது. ஆகவே, சோயா தரும் ஆறுதல் உண்மையானதாக இருக்கக்கூடும். ஆனால் அது சிறியது, மெதுவாக வருவது, எல்லோருக்கும் வாய்க்காதது.

இருதய நலன் தொடர்பாகவும் இதே நிதானம் தேவை. நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இருதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என உணவுப் பொதிகளில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999 ஒக்டோபரில் அனுமதி வழங்கியது. சான்றுகள் சீராக இல்லை எனக் கூறி, அவ்வனுமதியை மீளப்பெறும் யோசனையை 2017 ஒக்டோபரில் அதே நிர்வாகம் முன்வைத்தது. கெட்ட கொலஸ்ரோலை 3 முதல் 4 வீதம் வரை குறைப்பதே சோயாப் புரதத்தால் கிட்டும் நேரடிப் பலன் எனத் தெரிகின்றது. ஆயினும், கொழுப்பு மிக்க இறைச்சிக்குப் பதிலாகச் சோயாவை உண்ணும்போது, தட்டிலிருந்து விலகும் கொழுப்பாலும் சேரும் நார்ப்பொருளாலும் கிட்டும் நன்மை இதற்கு மேலதிகமானது. எலும்பைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையானவை. ஐசோபிளேவோன் மாத்திரையை நம்பி எலும்புத் தேய்வுச் சிகிச்சையைக் கைவிடுவது ஆபத்தாகும்.

அச்சங்களின் பெறுமதி

இனி, ஆண் பிள்ளைகள் பற்றிய அச்சத்துக்கு வருவோம். ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2010 இலும் பின்னர் 2021 இலும் வெளியான மதிப்பீடுகள், சோயா உணவோ ஐசோபிளேவோனோ ஆண்களின் ரெஸ்ரொஸ்ரெரோன் அளவைக் குறைக்கவில்லை என்றே காட்டின. 2008 இல் பதிவான ஒரு சம்பவத்தில், 60 வயதான அமெரிக்கர் ஒருவருக்கு மார்பகம் பருத்தது உண்மை. அவர் நாள்தோறும் மூன்று லீற்றருக்கு அண்மித்த சோயாப் பால் அருந்தி வந்தவர். நிறுத்தியதும் நிலைமை சீரடைந்தது. குளோவரை மட்டும் தின்ற ஆடுகளின் பாடம் இங்கும் நினைவுக்கு வருகின்றது. வாரத்தில் சில நாட்கள் சோயாக் கறி உண்ணும் சிறுவனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இவ்வச்சம் இந்நாட்டில் திரிபோஷவையும் தொட்டுவிடக்கூடாது என்பது எமது கரிசனை. 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறுவர்களுக்கும் வழங்கப்பட்டு வரும் இச்சத்துணவில் சோளத்தோடு சோயாவும் உண்டு. போசாக்கின்மை உறுதியான கெடுதி. சோயாவால் வரும் என்று சொல்லப்படும் கெடுதியோ சாதாரண உணவு அளவில் நிரூபிக்கப்படாதது. இரண்டில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கைக்குழந்தைகளின் விடயம் வேறு. சோயாவைக் கொண்டு தயாரிக்கப்படும் குழந்தைப் பால்மாவை மட்டுமே அருந்தும் சிசுவின் இரத்தத்தில் ஐசோபிளேவோன் அளவு பெரியவர்களைவிடப் பல மடங்கு கூடும். ஆகவே வைத்தியரின் ஆலோசனையின்றி அதனை நாடக்கூடாது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலுக்கு நிகர் வேறில்லை.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களே இவ்விடயத்தில் மிகுந்த குழப்பத்துக்கு உள்ளாகின்றவர்கள். சோயாவைத் தொடவே கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகின்றது. சீனாவின் ஷங்காய் நகரில் அத்தகைய 5,042 பெண்களைத் தொடர்ந்து அவதானித்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சோயாவைக் கூடுதலாக உண்டவர்களிடையே நோய் மீளுதலும் மரணமும் குறைவாக இருந்ததைக் கண்டது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் உணவாக உண்ணும் சோயா பாதுகாப்பானது என்றே கூறுகின்றது. ஆனால் இது உணவுக்கு மட்டுமே பொருந்தும். செறிவூட்டிய வில்லைகளுக்குப் பொருந்தாது.

உணவுக்கும் வில்லைக்குமுள்ள இவ்வேறுபாடே முழு விவகாரத்தினதும் மையம். ஜப்பானியர் பரம்பரையாக உணவின் மூலம் பெறும் ஐசோபிளேவோன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 50 மில்லிகிராம். ஒரே வில்லையில் அதனைவிடக் கூடுதலாக அடைத்துவிட முடியும். இத்தாலியில் நாள்தோறும் 150 மில்லிகிராம் வீதம் ஐந்து ஆண்டுகள் உட்கொண்ட பெண்களிற் சிலருக்குக் கருப்பையின் உட்படலம் தடித்தமை 2004 இல் அறிவிக்கப்பட்டது. வெறும் மாத்திரை உட்கொண்டவர்களில் எவருக்கும் அவ்வாறு நேரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் சான்றுகளைப் பரிசீலித்து, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இவ்வில்லைகளால் மார்பகத்துக்கோ கருப்பைக்கோ தைரொயிட்டுக்கோ கெடுதி விளைவதாகத் தெரியவில்லை என்றது உண்மையே. எனினும், ஈஸ்ரோஜன் சார்ந்த புற்றுநோய் உள்ளவர்களுக்கோ முன்னர் இருந்தவர்களுக்கோ அம்முடிவு பொருந்தாது. அத்தகையோர் தமது வைத்தியரிடம் கேளாமல் எதனையும் உட்கொள்ளலாகாது.

தைரொயிட் குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மற்றுமொரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சோயா அம்மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடியது. ஆகவே, மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையில் சில மணித்தியால இடைவெளி அவசியம். உடலில் அயடீன் போதியளவு உள்ளவருக்குச் சோயா தைரொயிட்டைப் பாதிப்பதாகத் தெரியவில்லை. அயடீன் சேர்த்த உப்பையே தவறாது பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எமது அடுக்களையில்

பெரியபிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். எள்ளுருண்டையும் எள்ளுப்பாகும் எமக்குப் புதியனவல்ல. இவற்றிலெல்லாம் முன்னோர் தாவர ஈஸ்ரோஜனை அறிந்தே வைத்திருந்தனர் என்று பெருமை பேசுவது மிகையாகும். உழுந்தில் ஐசோபிளேவோன் சோயாவோடு ஒப்பிடத்தக்க அளவில் இல்லை. அதன் சிறப்பு புரதத்திலும் பிற சத்துகளிலுமே உள்ளது. ஆனால் எள்ளின் நிலை வேறு. அதன் பிரதான லிக்னன் எண்ணெயோடும் சேர்ந்து வருவது. தாய்வானில் மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் எள்ளு மாவை ஐந்து வாரங்கள் கொடுத்துப் பார்த்ததில், மொத்தக் கொலஸ்ரோல் ஏறத்தாழ 5 வீதமும் கெட்ட கொலஸ்ரோல் ஏறத்தாழ 10 வீதமும் குறைந்தமை 2006 இல் வெளியானது. சுமார் இருபத்தைந்து பெண்களிடம் நடத்தப்பட்ட சிறு ஆய்வே அது. ஆயினும் மலிவாகக் கிடைக்கும் எள்ளை ஒதுக்காதிருப்பதற்கு அது போதிய நியாயமே. நீரிழிவுள்ளோர் சர்க்கரைப் பாகைத் தவிர்த்து, வறுத்த எள்ளைப் பொடியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சோயாமீற் வாங்குவோர் அதிலுள்ள உப்பைக் கவனிப்பது நல்லது. உடன் வரும் மசாலாத் தூள் பைக்கற்றிலேயே உப்பு மிகுதி. சுடுநீரில் ஊறவைத்துப் பிழியும்போது ஐசோபிளேவோனில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். எனினும் புரதம் எஞ்சியிருக்கும். தவிட்டரிசி, பயறு, கீரை என நார்ப்பொருள் நிறைந்த உணவு குடற் பற்றீரியாக்களைப் பேணும். தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தவிர்ப்பதும் அவற்றைக் காக்கும்.

உணவு உணவாகவே இருக்கட்டும். மருந்தின் வேலையை அதன் தலையில் சுமத்த வேண்டியதில்லை. உடற் கனல்வாலும் உறக்கமின்மையாலும் அல்லலுறும் பெண், விளம்பரம் பார்த்து வில்லை வாங்குவதற்கு முன்னர், தனது பகுதியிலுள்ள சுகவனிதையர் கிளினிக்கில் வைத்திய ஆலோசனை பெறுவதே முறையாகும். 1996 இல் ஆரம்பிக்கப்பட்ட அச்சேவையை நாடுவதற்குப் பலர் இன்னும் கூச்சப்படுகின்றனர். மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் அங்கேயே செய்துகொள்ளலாம் என்பதைக் குடும்பத்தவர்களும் எடுத்துச் சொல்ல வேண்டும். குறிப்பாக, வீட்டிலுள்ள ஆண்கள் இவ்விடயத்தில் ஒதுங்கி நிற்கலாகாது. தாயோ மனைவியோ நள்ளிரவில் வியர்த்து விழித்திருப்பதற்குக் காரணம் குணக்கேடு அல்ல என்பதை அவர்கள் புரிந்துகொண்டால், எந்த வில்லையும் தராத ஆறுதல் அப்பெண்ணுக்குக் கிட்டும்.